நிமிடத்திலிருந்து நொடிக்கு: ஒரு கிளப் ராலியின் உள்கணக்கு

ஒரு மோட்டார் கிளப்பின் ராலி வரலாறு என்றால் வென்றவர்கள் பட்டியலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ராலி நடத்தும் வேலையில் இருப்பவர்கள் புரட்டுவது பழைய விதிப் புத்தகங்களை. இந்த ஆண்டு எந்த விதி புதிதாக நுழைந்திருக்கிறது என்று பார்த்தால், போன ஆண்டு எதற்குச் சண்டை நடந்தது என்று தெரிந்துவிடும்.

1911இல் நடந்த முதல் மான்டே கார்லோ ராலியிலேயே சண்டை உண்டு. ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து கார்கள் கிளம்பின. டர்கா-மெரி காரில் வந்த ஹென்றி ரூஜியே வென்றார். ஆனால் வேகம் மட்டும் போதவில்லை. காரின் அழகு, பயணிகளின் வசதி, வந்து சேர்ந்தபோது வண்டி இருந்த நிலை எல்லாவற்றுக்கும் நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். நடுவரின் ரசனையை எதிர்த்து யாரால் கணக்குக் காட்ட முடியும்? கடிகாரம் காட்டியதை எதிர்த்தாவது வாதாடலாம்.

பிரிட்டனில் ராயல் ஆட்டோமொபைல் கிளப் 1932இல் தொடங்கிய ஆர்.ஏ.சி. ராலி, 1960இல் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் வனத்துறைப் பாதை ஒன்றை வேகக் கட்டமாக்கியது. அடைத்த பாதையில் முழு வேகத்தில் ஓட்டுவது ஒரு வகை. திறந்த சாலையில், குறித்த சராசரி வேகத்தைப் பிசகாமல் காப்பது இன்னொரு வகை. சாலையை அடைக்க அனுமதியும் பணமும் ஆளும் வேண்டும் என்பதால் சிறிய கிளப்புகளுக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியாகும்.

இந்த இரண்டாவது வகையில் கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது பொருட்டே இல்லை. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், அவ்வளவுதான். 45 கிலோமீட்டரை மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரியில் கடக்க 75 நிமிடம். இந்த 36 அமைப்பாளர்களுக்குப் பிடித்த எண்: நொடிக்குச் சரியாக 10 மீட்டர், மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அதே கணக்கு அவர்கள் தவறையும் காட்டிக்கொடுக்கும். போட்டியாளர்களுக்குக் கொடுக்கும் வழிப் புத்தகமான ரோடு புக்கில் 100 மீட்டர் பிசகினால் எல்லோருடைய நேர அட்டையிலும் 10 நொடி பிசகும்.

ஆகவே முதல் வேலை, கார் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரின் சரிபார்ப்பு. கிளம்பியதும் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அளவுப் பகுதி வைப்பார்கள். போட்டியாளரின் மீட்டர் அங்கே 10.30 காட்டினால் அவருடைய காரணி 0.971. மீட்டர் காட்டுவதை இதனால் பெருக்காமல் ஓட்டினால் 45 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர், அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். டயரும் விளையாடும். 175/65 ஆர்14 டயரின் வெளிவிட்டம் சுமார் 583 மில்லிமீட்டர். மேற்பரப்பு 4 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 8 மில்லிமீட்டர் குறையும். தூரக் கணக்கில் 1.4 சதவீதம். ரெக்கிக்கு, அதாவது முன்கூட்டியே வழியைப் பார்த்து அளக்க, போன காரில் அதன்பின் புது டயர் மாட்டிவிட்டு, அதே காரை அளவுக்கு நம்புவது அடிக்கடி நடக்கும் அபத்தம். தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரின் உணரியை, இன்ஜின் சுழற்றும் இயங்கு சக்கரத்தில் பொருத்தக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. சரளையில் அது வழுக்கிச் சுழலும் சுற்றெல்லாம் தூரமாகப் பதிவாகிவிடும்.

ரோடு புக்கில் பந்தும் அம்பும் கொண்டு சந்திப்பை வரையும் முறைக்கு, நெதர்லாந்தில் 1949இல் தொடங்கிய ட்யூலிப் ராலியின் பெயரே நிலைத்துவிட்டது. பந்து நீங்கள் வரும் இடம், அம்பு போக வேண்டிய இடம். அடையாளமாக எதை எழுதுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். கடைப் பலகை, சுவர் விளம்பரம், கொட்டி வைத்த ஜல்லிக் குவியல் எதையும் எழுதாதீர்கள்; ராலி நாளன்று இருக்காது. பாலம், மைல்கல், தண்ணீர்த் தொட்டி இருக்கும். புத்தகத்தை எழுதியவர் அல்லாத ஒருவர், அந்த வழியை முன்பின் பார்த்திராதவர், கடைசி வாரத்தில் அதை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுதியவருக்கு வழி மனப்பாடம். தவறு கண்ணில் படாது.

நிமிடக் கணக்கு நொடிக் கணக்கானது கடிகாரத்தால். நல்ல இயந்திரக் கடிகாரமே ஒரு நாளில் சில நொடிகள் பிசகும். குவார்ட்ஸ் வந்தபின் அது ஒரு நாளைக்கு அரை நொடியளவுக்குச் சுருங்கியது. காருக்குள் நேரத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டிய ஹால்டா கருவிகளைப் பழைய கார் ராலிகளில் இன்றும் பார்க்கலாம். கருவி நுணுகியதும் தண்டப் புள்ளியும் நுணுகியது: பிந்தினால் நொடிக்கு 1, முந்தினால் நொடிக்கு 2 என்பது பல கிளப்புகளின் வழக்கம். முந்தினால் கூடுதல் தண்டம் ஏன் என்று புதியவர்கள் கேட்பார்கள். திறந்த சாலையில் யாரும் விரட்டக் கூடாது, அதற்காக.

இந்த இரட்டைத் தண்டம் இருப்பதால்தான் டைம் கன்ட்ரோல், அதாவது வந்த நேரத்தைக் குறிக்கும் இடம், அதன் பலகை எங்கே நிற்கிறது என்பது உயிர்நாடி. வெயில் தாங்காமல், அங்கே நேரம் குறிக்கும் மார்ஷல்கள் பலகையைக் கார்கள் வரும் பக்கமாக 40 மீட்டர் தள்ளி மரநிழலுக்கு நகர்த்தினார்கள் என்று வையுங்கள். எல்லோருக்கும் ஒரே நகர்வுதானே, யாருக்கு நட்டம் என்று தோன்றும். ஆனால் 36 கிலோமீட்டர் சராசரியில் துல்லியமாக வந்தவர் 4 நொடி முந்தியவராகி 8 புள்ளி இழக்கிறார். 4 நொடி பிந்தி வந்தவருக்குத் தண்டமே இல்லை. வரிசை தலைகீழாகிவிடும். மார்ஷலுக்கு விதிப் புத்தகத்தோடு ஒரு குடையும் கொடுத்து அனுப்புங்கள், பலகை நகராது.

2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. பின்னாளில் கைபேசிச் செயலிகளே ட்ரிப் மீட்டர் ஆகிவிட்டன. நேரத்துக்கு அது வரம். எல்லாக் கடிகாரங்களையும் ஒரே மூலத்தோடு ஒட்டலாம். தூரத்துக்கு அவ்வளவு நம்ப முடியாது. நொடிக்கு ஒரு முறை புள்ளி வைத்து நேர்கோட்டால் இணைக்கும் கருவி, மலைப்பாதையின் கொண்டைஊசி வளைவை வெட்டிக்கொண்டு போகும்; அடர்ந்த மரங்களின் கீழே புள்ளியே தடுமாறும். சக்கர உணரி வளைவை வளைவாகவே அளக்கும். அமைப்பாளர் சக்கரத்தால் அளந்து, போட்டியாளர் செயற்கைக்கோளால் ஓட்டினால் மலைக் கட்டத்தில் இரண்டும் ஒத்துவராது. எதனால் அளந்தோம் என்று ரோடு புக்கின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வழியை அளந்த காரின் டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் கூடவே எழுதிவிட்டால், தற்காலிக முடிவுகளை ஒட்டிய பிறகு மேசைக்கு வரும் புகார்களில் பெரும்பங்கை அந்தப் பக்கத்தைக் காட்டியே முடித்துவிடலாம்.