பழைய ஆல்டோவில் பிரேக் பெடல் ரப்பர் மாற்றியது

அப்புச்சியின் ஆல்டோவில் பிரேக் பெடல் ரப்பரையும், கையோடு கிளட்ச் ரப்பரையும் மாற்றி முடித்தாயிற்று. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிற வண்டி. ஆடிச் சாரலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். காலும் பெடலும் காய்ந்திருக்கும்போது ரப்பர் தேய்ந்தது தெரியாது. வாய்க்கால் சேறு ஒட்டிய செருப்போடு மிதித்தால்தான் பாதம் ஓரத்துக்கு நழுவும். நாங்கள் அடிக்கடி வால்பாறை போகிறவர்கள். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கில் கால் வைத்துத்தான் ஆக வேண்டும்.

சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. இடது பாதியில் வரிகள் இன்னும் கைக்குத் தட்டுப்படுகின்றன. வலது ஓரமும் கீழ் மூலையும் மட்டும் மொழுமொழுவென்று ஆகி, மூலையில் இரும்பு எட்டிப் பார்த்தது. காரணம் எளிது. குதிகாலைத் தரையில் ஊன்றி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாதத்தைத் திருப்பித்தான் பிரேக்குக்கு வருகிறோம். பாதம் முதலில் படுவதும், மிதித்தபடியே லேசாகத் திருகுவதும் அந்த வலது ஓரத்தில்தான். கார் கன்சல்டிங்கில் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதையும் ஒரு பார்வை பார்க்கலாம். மீட்டர் குறைவாகக் காட்டி, பெடல் ரப்பர் மொட்டையாக இருந்தால் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

"ஏங்கண்ணு, பிரேக் நல்லாத்தான புடிக்குது, அதயப் போயி எதுக்கு நோண்டற?" என்றார் அப்புச்சி. அவர் வெறுங்காலில் ஓட்டுகிறவர், அதனால் வழுக்கல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விரலை நனைத்து அந்த மூலையில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். தேய்த்துப் பார்த்துவிட்டு, "மாத்திப்போடு சாமி" என்றார்.

ரப்பர் வாங்கும்போது முன்பக்கத்து வரியைவிடப் பின்பக்கத்து உதட்டைத்தான் பார்க்க வேண்டும். இரும்புத் தகட்டைச் சுற்றிக் கவ்விப் பிடிப்பது அந்த உதடுதான். அது மெல்லியதாக இருந்தால் ஒரே பக்கமாக மிதித்து மிதித்து ரப்பர் கழன்று வந்துவிடும். கடையில் காட்டியவற்றில் மலிவானது கைக்கு மெத்தென்று இருந்தது, உதடு ஆழமில்லை. கம்பெனி ரப்பரையே எடுத்தேன். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

பழையதைக் கழற்ற கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓரத்தை விரலால் நெம்பினால் உரிந்து வந்துவிடுகிறது. உள்ளே செம்மண் இறுகிப் போயிருந்தது. அந்த மண்ணில் ஈரம் தங்கித் தங்கித் தகட்டில் துரு ஏறியிருந்தது. இதை அப்படியே விட்டுப் புது ரப்பரை மாட்டினால் துருப்பொருக்கு உள்ளிருந்தே ரப்பரை அறுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, கறுப்பு எனாமல் ஒரு கை மெல்லிசாக அடித்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். இந்த வேலையில் நேரம் பிடித்தது இது ஒன்றுதான்.

புது ரப்பர் விறைப்பாக இருக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும். வழுக்கி உள்ளே போகட்டும் என்று எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. ரப்பர் ஊதிப்போகும், பெடலும் வழுக்கும். டயர் பாலீஷும் அப்படித்தான், பெடல் பக்கமே வரக் கூடாது. உதட்டின் உள்பக்கம் சோப்புத் தண்ணீர் துளி தொட்டுக்கொண்டேன். கீழ் மூலைகள் இரண்டையும் முதலில் மாட்டி, மேல் ஓரத்தைக் கரண்டிக் காம்பால் இழுத்து ஏற்றினேன். ஸ்குரூடிரைவர் முனை உதட்டைக் கிழித்துவிடும். கரண்டிக் காம்பு மழுங்கலாக இருப்பதால் அந்தப் பயம் இல்லை. அப்புறம் பின்பக்கம் நாலு ஓரமும் நகத்தால் ஓட்டி, எங்கேயாவது உதடு மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். சோப்பு ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

குனிந்தது குனிந்தாயிற்று என்று மற்றதையும் பார்த்தேன். பெடல் தண்டின் மேல்பகுதியில், மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம் விரல் வைத்துத் தடவினால் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது என்று அர்த்தம், உடனே மெக்கானிக்கிடம் போக வேண்டும். இதில் காய்ந்துதான் இருந்தது. அதே இடத்தில் பிரேக் லைட் சுவிட்ச் இருக்கிறது. பல வண்டிகளில் அதன் முனை ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் மேல் அழுந்தி நிற்கும். அந்தப் பொத்தான் பொடிந்து உதிர்ந்தால் காலை எடுத்த பிறகும் பின் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரியும் இறங்கிவிடும். சாயங்காலம் வண்டியைச் சுவரோரம் பின்பக்கமாக நிறுத்தி மிதித்து விட்டுப் பார்த்தேன். சுவரில் சிவப்பு உடனே அணைகிறது. சரி.

கடைசியாக, மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டர். இன்ஜினை அணைத்துவிட்டு பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. இன்ஜின் ஓடும்போதே அழுத்திப் பிடித்தபடி இருந்தும் பார்த்தேன். அப்படிப் பிடிக்கும்போது பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும். இது அசையாமல் நின்றது.

தோட்டத்துத் தடத்தில் மெதுவாக ஓட்டி, வேண்டுமென்றே செருப்பை நனைத்துக்கொண்டு பிரேக் போட்டுப் பார்த்தேன். பாதம் வைத்த இடத்திலேயே நிற்கிறது. புது ரப்பரின் கனத்தால் பெடல் ஒரு நூல் உயர்ந்த மாதிரி இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் கால் பழகிவிட்டது. இனி காலடியில் விரித்திருக்கும் ஃப்ளோர் மேட்டைப் பார்க்க வேண்டும். கொக்கி உடைந்துபோய் அது முன்னால் நகர்கிறது. பெடலுக்கு அடியில் சுருண்டு போனால் முழுசாக மிதிக்க முடியாது. புது மேட் வருகிற வரைக்கும் டிரைவர் பக்கத்து மேட்டை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டேன்.