பாட்டி பெயரை விட்டதால் 14 மாதம்: எங்கள் மடிப்பாக்கம் வீட்டுப் பட்டா

போன வாரம்தான் வீட்டுப் பட்டா அம்மா பெயருக்கு வந்தது. மொத்தம் 14 மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி, நாங்கள் ஒரு பெயரை எழுதாமல் விட்டதால் போனது.

அப்பா 1986இல் மனை வாங்கிக் கட்டிய வீடு. உயில் எழுதவில்லை. 2022 ஜூனில் தவறினார். அடுத்த பிப்ரவரியில் பாட்டியும், அதாவது அப்பாவின் அம்மாவும், போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். அம்மா, நான், தங்கை, மூன்று பெயர். பாட்டிதான் இல்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

மனு நிராகரிக்கப்பட்டது. காரணம்: 'வாரிசு விவரம் முழுமையில்லை'. என்ன குறை என்று கேட்க மூன்று முறை அரை நாள் விடுப்புப் போட்டு தாலுகா அலுவலகம் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எல்லாம் ஆன்லைன்ல இருக்கு, பாருங்க" என்றார். ஆன்லைனில் அதே மூன்று வார்த்தைதான் இருந்தது.

கடைசியில் எங்கள் எதிர்வீட்டு மாமாதான் கண்டுபிடித்தார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டது ஒரே கேள்வி: "அப்பா போனப்போ பாட்டி இருந்தாங்களா?"

விஷயம் இதுதான். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்ததால் வீட்டில் நான்கில் ஒரு பங்கு அவருக்கு வந்துவிட்டது. அவர் போனதும் அந்தப் பங்கு மூன்றாகப் பிரிந்தது: எங்கள் இரண்டு அத்தைகளுக்கும் ஆளுக்கு ஒன்று, அப்பா வழியில் எனக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒன்று. அதாவது மொத்த வீட்டில் அத்தைகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. ஆக, பாட்டிக்கும் தனியாக வாரிசுச் சான்றிதழ் எடுத்து, எல்லோரும் சேர்ந்து அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுத வேண்டியதாயிற்று. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் நாத்தனார் அண்ணிக்கு எழுதினால் அது பொருந்துமா என்பதை ஆவண எழுத்தரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய அத்தை திருச்சியில் இருக்கிறார், முழங்கால் வலி. கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. "எங்க அண்ணன் கட்டின வீடுடா, எனக்கு எதுக்கு அதுல பங்கு? எப்ப வரணும்னு மட்டும் சொல்லு" என்றார். அன்று போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன்.

சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழிலும் ஒரு அடி. 2015 வெள்ளத்தில் பத்திரம் நனைந்து, சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை அழிந்திருந்தது. இப்போதைய அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் எங்கள் மனை பதிவானதற்கான தடயமே இல்லை. எங்கள் பகுதி 1986இல் செங்கல்பட்டு மாவட்டம், 1997இல் காஞ்சிபுரம், 2011இல் சென்னை மாநகராட்சி, 2018இல் சென்னை மாவட்டம். வீடு இருந்த இடத்திலேயே இருக்க, அலுவலகங்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. அதே லேஅவுட்டில் அதே வருடம் வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா தன் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். அதில் இருந்த பழைய அலுவலகத்தின் பெயரில் தேடியதும் உடனே கிடைத்தது. உங்கள் பத்திரத்தின் முத்திரைப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

பட்டா ஏற்கெனவே அப்பா பெயரில் இருந்ததால் அளவை, உட்பிரிவு எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கட்டம் சுலபமாக முடிந்தது. வீட்டு வரியையும் மாற்றியாயிற்று. மின் இணைப்பு மட்டும் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.