மாடி அறையில் 21.1

நவம்பர் 9, ஞாயிறு
பணம் கட்டியாயிற்று, இனித் திரும்ப வராது. ஜனவரி 11, கன்னியாகுமரி, அரை மாரத்தான் ஓட்டம், 21.1 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பின்னால் மழுப்பக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே எழுதி வைக்கிறேன். வெளியே மழை.

நவம்பர் 11, செவ்வாய்
நாலரைக்கு எழுந்து மாடி அறையில் டிரெட்மில். மகள் எழுந்து கூப்பிட்டால் கேட்கும்படி கதவைப் பாதி திறந்து வைத்தேன். மணிக்கு 9.5 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டர். எதிர்ச் சுவரில் நகைக்கடைக் காலண்டர். அரை மணி நேரமாக ஓடியும் அதே தேதி.

நவம்பர் 14, வெள்ளி
குவைத்தில் நர்ஸாக இருக்கிற மனைவி லீவு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். டிசம்பர் 20 முதல். மேட்ரன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்
7.4 கிலோமீட்டரில் கரண்டு போனது. பெல்ட் பொசுக்கென்று நின்றதும் கைப்பிடியில் நெஞ்சு இடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்டு வந்ததும் திரையில் பூஜ்யம் காட்டுகிறது! நான் ஓடியதற்குச் சாட்சி பனியன் மட்டும்தான்.

நவம்பர் 23, ஞாயிறு
குளச்சல் அண்ணன் கடைக்கு வந்தார். கடற்கரை மணலில் தினமும் ஓடுகிறவர், வயது ஐம்பத்தெட்டு, தொப்பை என்று ஒன்று கிடையாது. "மழைன்னா நனைஞ்சிட்டு ஓடணும் மக்கா. மெசினு என்னத்துக்கு?" என்றார். மழை மட்டும் காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பார்.

டிரெட்மில்லுக்கு முன்பக்கம் 1 சதவீதம் ஏற்றம் வைத்து ஓடினால் ரோட்டுக்குச் சமம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 1996இல் இங்கிலாந்தில் வந்த ஒரு ஆய்வுதான் இதற்கு மூலம். ரோட்டில் காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கு உடம்பு செலவழிக்கிற தெம்பு மெஷினில் மிச்சமாகிறது, அதை அந்தச் சின்ன ஏற்றம் சரிக்கட்டுகிறது என்பது கணக்கு. என் மெஷின் பழையது. ஏற்றத்துக்குப் பட்டன் இல்லை, அடியில் ஊசியைக் கழற்றி ஒரு ஓட்டை தள்ளி மாட்ட வேண்டும். மாட்டினேன். அண்ணனிடம் சொன்னேன். "காத்துக்கு ஒரு சதவீதமா? காத்தாலை சுத்துற ஆரல்வாய்மொழில போய் ஓடிப் பாத்தானாமா அவன்?" என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு
14 கிலோமீட்டர், 10.2 வேகம். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் ஆவி. ஸ்டாண்ட் ஃபேன் வெந்நீர்க் காற்றைத்தான் அடிக்கிறது. பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் தரையில் வியர்வை. கீழ்வீட்டு அக்கா நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, விடியக்காலம் உரல்ல இடிக்கது போல இருக்கு. ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்." ரப்பர் விரிப்பு வாங்க வேண்டும்.

டிசம்பர் 3, புதன்
கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டம் முழுக்க லீவு. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் என் தோள்மேல் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டே வந்தாள். பலூன் ஒன்று, மிக்சர் கால் கிலோ. ஓடவில்லை.

டிசம்பர் 8, திங்கள்
லீவு கிடைக்கவில்லை. ஆள் இல்லையாம். ஜனவரி 8 என்று மாற்றி எழுதியிருக்கிறாள். அப்படியானால் போட்டிக்கு மூன்று நாள் முன்பே வந்துவிடுவாள், ஒருவகையில் நல்லதுதானே என்கிறாள். நல்லதுதான்.

மகளிடம் நான் சொல்ல மாட்டேன், நீயே சொல் என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்
அவளும் சொல்லவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு
18 கிலோமீட்டர்.

இந்த நீள ஓட்டத்தில் கால் வலிப்பதற்கு முன்பே மனசு சலித்துவிடுகிறது. திரையில் நேரம் 99:59 வரைக்கும்தான் ஓடும், அப்புறம் மறுபடி 00:00. அதற்காகப் போனில் தனியாக நேரம் வைத்துக்கொண்டேன். பட்டனை 10.6 என்று அழுத்திவிட்டால் மீதியை பெல்ட் பார்த்துக்கொள்கிறது. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 நொடி, பிசகே கிடையாது. இது ஒரு சுகம். வாழ்க்கையில் வேறு எதுவும் இப்படிச் சொன்ன சொல்லுக்கு நிற்பதில்லை. 12க்கு மேல் அப்படி ஒரு நிதானம் வந்தது. மகள் எழுந்து வந்து வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தாள். ஏழாம் வாய்ப்பாடு. என் காலடிக்குச் சரியாகப் பொருந்தியது. ஏழு ஏழு நாற்பத்தொன்பதில் மட்டும் நிற்பாள், நான் ஓடிக்கொண்டே இருப்பேன்.

டிசம்பர் 20, சனி
இன்று டிசம்பர் 20.

டிசம்பர் 25, வியாழன்
கடையில் ஸ்டார் எல்லாம் விற்றுத் தீர்ந்தது, வீட்டுக்கு ஒன்று எடுத்து வைக்க மறந்திருக்கிறேன். கடைசியில் போன வருஷத்துக் கிழிந்த ஸ்டாரையே பசை போட்டு ஒட்டிக் கட்டினோம். அவள் வீடியோவில் வந்தாள். நைட் டூட்டி முடிந்து குவைத்தில் காலை 7 மணி, இங்கே ஒன்பதரை. சீருடையைக்கூட மாற்றவில்லை. மகள் குடிலைக் காட்டினாள், ஆட்டைக் காட்டினாள், ஒட்டுப்போட்ட ஸ்டாரைக் காட்டவில்லை. கெட்டிக்காரி.

டிசம்பர் 26, வெள்ளி
இந்த ஒரு நாள் அண்ணன் ஓடுவதில்லை. 2004இலிருந்து அப்படித்தான். நான் போன் செய்யவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு
21.1 கிலோமீட்டர். 1 மணி 59 நிமிடம் 26 நொடி!!

முடித்துவிட்டு இறங்கினால் தரை முன்னால் நகருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் கைதட்டினாள். பழங்கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரை தூங்கினேன். கடையை இன்று பையனே திறந்தான்.

அவளுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று. ஐசியூ டூட்டியில் இருக்கிறாள் போல.

ஜனவரி 2, வெள்ளி
சுசீந்திரம் தேருக்குப் போகவில்லை. 6 கிலோமீட்டர், மெதுவாக.

ஜனவரி 4, ஞாயிறு
மகள் கேட்கிறாள், 21 போதாதா, எதற்கு அந்தப் புள்ளி ஒன்று? 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் அரண்மனை வளாகத்தில் தொடங்கி, மைதானத்தில் ராஜ குடும்பம் உட்காருகிற இடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி தூரம் வைத்தார்கள், அதனால்தான் மாரத்தான் 42.195 ஆனது, பாதியென்றால் 21.0975 என்று சொன்னேன். "ராணி எழும்பி நடந்து வந்திருக்கலாம்லா?" என்றாள்.

ஜனவரி 6, செவ்வாய்
8ஆம் தேதி டிக்கெட் இல்லை. டிக்கெட் பிரச்சினையே இல்லை, லீவுதான் இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்களாம். யார் மீது கோபப்படுவது? போனவர்கள் மீதா?

ஜனவரி 10, சனி
கருங்கலிலிருந்து அம்மா வந்துவிட்டாள். மட்டிப்பழம் ஒரு சீப்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து விலையில் ஒரு மிடுக்கு. ஷூ, நம்பர் அட்டை, ஊக்கு நாலு. மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். தூக்கம் வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு
2:27:41.

ஜனவரி 12, திங்கள்
நேற்று எழுதப் பிடிக்கவில்லை.

ஐந்தரைக்குத் தொடக்கம். நல்ல இருட்டு, பாட்டுச் சத்தம், முன்னும் பின்னும் ஆட்கள். முதல் கிலோமீட்டர் முடிந்ததும் போன் காதில் சொல்கிறது: 5 நிமிடம் 12 நொடி. அந்த வேகத்தில் போகிறோம் என்று காலுக்கும் தெரியவில்லை, மூச்சுக்கும் தெரியவில்லை. மாடியில் பின்தங்கினால் பின்சுவரில் போய் விழ வேண்டும், அந்தப் பயமே என்னை ஓட்டியிருக்கிறது. இங்கே பின்தங்கினாலும் முந்தினாலும் கேட்க ஆள் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் வேகத்தை நானே முடிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. குறைத்தேன். குறைத்தால் 6:05. கூட்டினால் 5:20. நடுவில் 5:40 என்று ஒன்று இருப்பதாகவே காணோம்.

கோவளத்தில் முதல் பூசைக்குப் போகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒரு பாட்டி சிலுவை போட்டாள், எனக்காகவா என்று தெரியவில்லை. அதுவரை காற்று முதுகில். அதை என் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மணக்குடிப் பாலத்தின் ஏற்றத்தில்தான் முதல்முறையாகத் தொடை பேசியது. சுனாமி பழைய பாலத்தைத் தூக்கிக்கொண்டு போன இடம். அண்ணன் எனக்கு முன்னால் பாலத்தின் உச்சியில் ஒரு நொடி நின்று, தண்ணீரைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடினார்.

திரும்புகிற இடத்தில் 59:10. இந்தக் கணக்குக்கு இரண்டு மணிக்குள் வரும். திரும்பினேன்.

திரும்பியதும் காற்று இடது தோளில் மோதியது. வாடை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அது ஒரு ஆள் கை வைத்துத் தள்ளுவது போல. அப்புறம் நேர் எதிரே சூரியன் எழும்பியது. கன்னியாகுமரி சூரிய உதயத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிறார்கள். எனக்கு அது கண்ணுக்குள்ளேயே ஏறியது, தொப்பியை விட்டுவிட்டுப் போனவனுக்கு. ரோடு ஓரத்துக்குச் சரிந்தே கிடக்கிறது. ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். பெல்ட் தட்டையானது, கணுக்காலுக்கு இதெல்லாம் புது விஷயம். 14இல் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. 16இல் நடந்தேன்.

நடப்பது பெரிய விஷயம் இல்லை. நடக்கும்போது கடந்து போகிறவர்களின் காலடிச் சத்தம்தான். அம்மா வயதில் ஒருவர், சுடிதாரும் வெள்ளை ஷூவும், என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நடக்காண்டாம் மக்களே, மெள்ள ஓடு." ஓடினேன். அடுத்த விளக்குக் கம்பம் வரை.

முடிவில் பதக்கம், ஒரு பொட்டலம் உப்புமா. அண்ணனுக்கு 2:08. மகள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கேட்டாள்: "அப்பா, வழியில எங்க நின்னீங்க?"

ஜனவரி 14, புதன்
மாடிப்படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்குகிறேன். பாலத்தின் இறக்கம் செய்த வேலை. மெஷினில் இறக்கம் என்ற ஒன்று கிடையாது. கீழ்வீட்டு அக்கா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, தைல பாட்டில் கொண்டுவந்து வைத்தார்.

ஜனவரி 15, வியாழன்
பொங்கல். அவள் கேட்டாள், அடுத்த வருஷமும் ஓடுவீங்களா என்று. நான் கேட்டேன், அடுத்த மாதமாவது வருவாயா என்று. போனை வைத்துவிட்டாள். ராத்திரி மறுபடி நானே கூப்பிட்டேன்.

ஜனவரி 17, சனி
ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. இன்று தீர்த்துவிட்டேன்.

பெல்ட்டைச் சுற்றி நூல் விட்டு அளந்தேன்: 2.8 மீட்டர். ஓரத்தில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டினேன். வேகம் 10. நான் மேலே ஏறி ஓட வேண்டும், ஏனென்றால் ஆள் எடை விழும்போது பழைய மோட்டார் கொஞ்சம் தளரும், சும்மா சுற்றவிட்டு எண்ணினால் உண்மை வராது. மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு டேப் வரும்போதெல்லாம் எண்ணினாள், பாட்டி போனைப் பார்த்து ஒரு நிமிடம் சொன்னாள். 10 என்றால் நிமிடத்துக்கு 166 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கிட்டத்தட்ட 60 சுற்று.

54.

மறுபடி எண்ணச் சொன்னேன். 54. பாட்டியை எண்ணச் சொன்னேன். அவள் முப்பதுக்கு மேல் செபமாலையில் போய்விட்டாள்.

54 சுற்றென்றால் 151 மீட்டர், அதாவது மணிக்கு 9.07. திரையில் 21.1 ஓடிய அன்று நான் ஓடியது 19தான்.

ஜனவரி 18, ஞாயிறு
ராத்திரி முழுக்கக் கணக்கு. மெஷின் 5:40 என்று காட்டியதெல்லாம் நிஜத்தில் 6:15 என்றால், நான் ஓடியிருக்க வேண்டிய நேரம் 2 மணி 12 நிமிடம். ஆக 12 நிமிடம் மெஷின் கணக்கில். மீதி 16 நிமிடம்? காற்றுக்குக் கொஞ்சம், சூரியனுக்குக் கொஞ்சம், அந்த 5:12க்குக் கொஞ்சம். எப்படிப் பங்கு வைத்தாலும் ஒரு ஐந்து நிமிடம் யார் பேரிலும் ஒட்டாமல் நிற்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். "சவத்த விட்டுத் தள்ளு மக்கா," என்றார். அப்புறம் அவரே: "அந்த அஞ்சு நிமிசம் பாலத்துக்க மேல நின்னுருப்ப."

நான் நிற்கவில்லை.

ஜனவரி 21, புதன்
அம்மா இருப்பதால் ரோட்டில் 4 கிலோமீட்டர். தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் பக்கம் போய்த் திரும்பினேன். நாய் இரண்டு. நேரம் பார்க்கவில்லை. பொய், பார்த்தேன். 27:30.

ஜனவரி 24, சனி
டிரெட்மில் பார்க்க ஒருவர் வந்தார். தடவிப் பார்த்தார், ஏறி நடந்து பார்த்தார். "ஸ்பீடெல்லாம் சரியாக் காட்டுமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள்: "பத்துன்னு போட்டா ஒம்பதுதான் அங்கிள்." இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்
டிக்கெட் போட்டாச்சாம். பிப்ரவரி 19. படம் அனுப்பியிருக்கிறாள், பேர் எல்லாம் சரியாக இருக்கிறது. லீவு கடிதத்தில் கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டிருக்கிறேன். டூட்டியில் இருக்கிறாள்.