மொட்டுக்குத் தெரிந்த கணக்கு

இன்று காலை தண்ணீர் ஊற்றும்போது, சாமந்திச் செடியின் நுனி இலைகளுக்கு நடுவே மிளகளவில் ஒரு பச்சை மொட்டு தெரிந்தது.

கோடை முழுவதும் இலைகளை மட்டுமே விட்டுக்கொண்டிருந்த செடி அது. நான் உரத்தையும் மாற்றவில்லை, இடத்தையும் மாற்றவில்லை.

மாறியது இரவின் நீளம்.

பகல் குறுகி இரவு நீளும்போதுதான் சாமந்தி மொட்டு விடும் என்பதும், அந்த மாற்றத்தை அதன் இலைகளே உணர்கின்றன என்பதும் எனக்கு இன்றும் தீராத வியப்பு. 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிவியலாளர்கள், புகையிலையையும் சோயாவையும் வளர்த்துப் பார்த்து, பூப்பதில் பகல் நீளத்துக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். இத்தகைய செடிகள் உண்மையில் அளப்பது இடையறாத இருட்டையே என்பது பின்னர் தெளிவானது. ஆகவே, இரவெல்லாம் விளக்கொளி படும் இடத்தில் சாமந்தித் தொட்டியை வைக்காதீர்கள், மொட்டு தள்ளிப்போகும்.

தக்காளி வேறு வகை. அதற்கு வெப்பமே முக்கியம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டி நீடித்தால் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் வேரடியில் சருகைப் பரப்பி ஈரத்தைக் காப்பதே போதும். உரத்தைக் கொட்டிச் செடியை வற்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் பருவத்தின் வேலைகளில் நான் மிகவும் விரும்புவது விதை எடுப்பதைத்தான். தட்டைப்பயற்றின் நெற்றுகளைச் செடியிலேயே நன்றாகக் காயவிட்டு, உரித்து, நிழலில் உலர்த்தி, பெயரும் மாதமும் எழுதிய காகித உறைகளில் இடுவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் வேண்டும். இந்த ஆண்டு நெற்றுகள் நன்றாக முற்றியிருக்கின்றன, மழை வருவதற்குள் பறித்துவிட வேண்டும்.