அலுவலகக் கணினியில் என்விடிஏ போட அனுமதி வாங்கிய அனுபவம்

எனக்குப் பார்வை அறவே கிடையாது. கல்லூரியில் எல்லாமே, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்துத்தான் படித்தேன். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் அதையே கேட்டேன். வெளி மென்பொருள் எதுவும் போடக் கூடாது என்று கணினிப் பிரிவு மறுத்துவிட்டது. "பக்கத்து சீட்டில் இருப்பவர் படித்துக் காட்டுவார்" என்றார்கள். சம்பளக் கணக்கு பார்க்கும் வேலை. அதை இன்னொருவர் வாய்விட்டுப் படிப்பது எப்படிச் சரியாகும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கும் இடம் இருக்க வேண்டும், ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. "இங்கே அந்த அலுவலர் யார்?" என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டேன். வாய்ப்பேச்சில் நகராதது எழுத்தில் கேட்டதும் நகர்ந்தது.

என்விடிஏ-வின் பேச்சு வேகத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் விட்டு, மேலாளர் முன்னால் ஒரு எக்செல் தாளைத் திறந்தேன். அம்புக்குறி விசையை அழுத்த அழுத்த, கட்டத்தில் இருந்த தொகையையும் "சி 7" என்று அதன் இடத்தையும் சொல்லிக்கொண்டே வந்தது. தப்பாக இருந்த ஒரு கூட்டுத்தொகையை அங்கேயே திருத்தினேன். அப்புறம் அனுமதிக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஆனால் எங்கள் கணக்கு மென்பொருள் தொலைவில் உள்ள சர்வரில் ஓடுகிறது. அந்தத் திரை என் கணினிக்கு வெறும் படம்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று என்விடிஏ-வுக்குத் தெரியாது. சர்வரிலும் அதை நிறுவிய பிறகுதான் வேலை ஓடியது. புதிதாகச் சேருபவர்கள் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தமிழ்க் கடிதங்கள் தனித் தொல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். பாமினி எழுத்துருவில் அடித்த "அம்மா"வை என்விடிஏ எழுத்தெழுத்தாகப் படித்தால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றுதான் வரும். இப்போது எனக்கு வரும் கடிதங்களை, தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். வருகைப் பதிவுத் தளத்தில் படத்தைப் பார்த்து எழுத்தை அடிக்கும் சோதனை மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கும் ஒலி வழி கேட்டு எழுதியிருக்கிறேன்.