நடக்கவே முடியாதது நடந்துவிட்டது

மற்ற மென்பொருள்களுக்குத் தவறான உள்ளீடு எப்போதாவது வரும். நாம் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்கு அதுதான் அன்றாடப் பிழைப்பு. பாதி எழுதிய நிரலை ஓட்டிப் பார்ப்பது, திட்டு வாங்குவது, திருத்துவது, மறுபடி ஓட்டுவது என்றுதான் எல்லோரும் வேலை செய்கிறோம். சரியான நிரல் உள்ளே வருவது அந்தச் சுற்றின் கடைசியில்தான். ஆனாலும் கம்பைலர் பாடங்களில் பிழைக்குக் கிடைக்கும் இடம் இலையில் ஊறுகாய் அளவு.

நான் சில வருடம் இருந்த குழு, ஒரு நிதி நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கிய சின்ன ஃபங்ஷனல் மொழி (ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் மொழி) ஒன்றைப் பராமரித்தது. கட்டண விதிகளை அதில் எழுதுவார்கள். எழுதுபவர்கள் புள்ளியியலும் கணக்கியலும் படித்தவர்கள்; தங்களைப் புரோகிராமர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அதன் கம்பைலர் ஹாஸ்கெல் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்டது. எனக்குக் கொடுத்த பகுதி, பிழை கையாளுதல். அதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

பழைய கோடில் எல்லாக் கட்டமும் ஈதர் மோனாடில் (விடை அல்லது பிழை என்ற இரண்டில் ஒன்றைத் தரும் படிகளை வரிசையாகக் கோக்கும் முறை) ஓடியது. படிக்க அழகாக இருக்கும்: ஏதாவது ஒரு ஃபங்ஷன் லெஃப்ட், அதாவது பிழை, கொடுத்தால் மிச்சமெல்லாம் தானாக நின்றுவிடும். தொந்தரவும் அதேதான். ஒரு விதிக்கோப்பில் நாலு பெயர் தப்பாக இருந்தால், நாலு தடவை ஓட்டினால்தான் நாலும் தெரியவரும். மோனாடில் அடுத்த படி முந்தைய படியின் விடையை நம்பி நிற்கிறது. விடையே இல்லாதபோது முதல் பிழையைத் தாண்ட வழி கிடையாது. ஒன்றையொன்று சாராத வரையறைகளுக்கு அப்ளிகேட்டிவ் என்ற இன்னொரு கோக்கும் முறை போதும், அது எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பிழைகளைச் சேர்த்துத் தரும். பெயர்களைச் சரிபார்க்கும் கட்டத்தில் அப்படியே மாற்றினோம்.

டைப் செக்கருக்கு, அதாவது எண், எழுத்து போன்ற மதிப்பு வகைகள் (டைப்) பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கட்டத்துக்கு, அது போதவில்லை. அதனால் ஜிஎச்சி இதை எப்படிச் செய்கிறது என்று அதன் மூலநிரலைப் படித்தேன். ஹாஸ்கெல்லின் முதன்மைக் கம்பைலர் அது. தானும் ஹாஸ்கெல்லில் எழுதப்பட்டது. எதையும் மாற்றாமல் விடை மட்டும் தரும் தூய ஃபங்ஷன்களைத் தேடிப் போனவனுக்கு அங்கே கிடைத்தது, வெளியே எதையும் மாற்ற அனுமதிக்கும் ஐஓ-வின் மேல் கட்டிய டைப் செக்கரும், செய்திகளைப் போட்டுவைக்க ஒரு மாறும் பையும்தான். பிழை கண்டால் பையில் போட்டுவிட்டுத் தொடரும். தொடரவே முடியாத இடத்தில் ஒரு எக்ஸப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் சமிக்ஞை) எறியும். அந்த எக்ஸப்ஷனுக்குள் செய்தி எதுவும் இருக்காது, செய்திதான் ஏற்கெனவே பையில் இருக்கிறதே! வரையறையின் எல்லையில் அதைப் பிடித்து, கெட்டுப்போன வரையறைக்கு 'எந்த டைப்பாகவும் இருக்கலாம்' என்று ஒரு டைப்பைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

இந்தக் கடைசி வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் முதல் பதிப்பு காட்டியது. ஒரே ஒரு பெயரில் எழுத்துப்பிழை. அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு வரியிலும் ஒரு டைப் பிழை, திரை முழுக்கச் சிவப்பு. எதனோடும் சண்டை போடாத ஒரு பிழை டைப்பைச் சேர்த்ததும் அடங்கியது. ஆனால் அந்த டைப் நழுவி கோட் உருவாக்கும் கட்டம் வரை போய்விட்டால் விபரீதம். ரஸ்ட் என்ற மொழியின் கம்பைலர் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே பிழை டைப்பை உருவாக்க வேண்டுமானால், பிழை பயனரிடம் சொல்லப்பட்டுவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக ஒரு மதிப்பு கையில் இருக்க வேண்டும். (ரஸ்ட்டின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதப்பட்டது, குடும்பக் குணம் எங்கே போகும்.)

இதுவரை சொன்னதெல்லாம் பயனரின் பிழை. கம்பைலரே தவறு செய்வது வேறு ஜாதி. ஜிஎச்சி தன் பக்கம் தவறு நேர்ந்தால் 'பேனிக்' என்று அலறி, நடக்கவே முடியாதது நடந்துவிட்டது என்று சொல்லி, இதை எங்கள் பக் என்று தெரிவியுங்கள் எனக் கேட்டுக்கொள்ளும். இன்னும் செய்து முடிக்காத அம்சம் என்றால் 'சாரி' என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. எங்கள் கம்பைலரில் இந்தப் பிரிவினையே இல்லை. உள்ளே ஒரு அட்டவணையில் தேடியது கிடைக்காவிட்டாலும் அதே சிவப்பு, அதே தொனி. ஒரு நாள் விதி எழுதும் பெண் ஒருவர் எங்கள் சீனியருக்குப் போன் செய்தார்.

"சார், காலைல இருந்து மாத்தி மாத்தி எழுதிப் பாக்கறேன். நான் என்ன தப்பு பண்றேன்னே தெரியல."

"நீங்க ஒண்ணும் பண்ணல மேடம். அது எங்க தப்பு. அப்படியே அனுப்புங்க."

அந்த வாரமே செய்திகளை மூன்றாகப் பிரித்தோம்: உங்கள் விதியில் பிழை, எங்கள் கம்பைலரில் பிழை, இது இன்னும் வேலை செய்யாது என்று எங்களுக்கே தெரியும். எல்லா இடத்திலும் எது எந்த வகை என்று முடிவு செய்வது எளிதாக இல்லை. ஒரு ஃபங்ஷன் 'இங்கே காலி லிஸ்ட் வராது' என்று நம்பினால், அந்த நம்பிக்கையை முந்தைய எந்தக் கட்டம் காப்பாற்றுகிறது என்று தேடிப் போக வேண்டும். சில இடங்களில் யாருமே காப்பாற்றவில்லை.

ஹாஸ்கெல்லின் சோம்பல் மதிப்பீடு (விடை தேவைப்படும்வரை கணக்கைத் தள்ளிப்போடுவது) இதில் தன் பங்குக்கு விளையாடியது. ஒவ்வொரு கட்டத்தையும் எக்ஸப்ஷனைப் பிடிக்கும் ஒரு கேட்ச்சுக்குள் வைத்து, எந்தக் கட்டத்தில் வெடித்தது என்று லாகில் எழுதும்படி யாரோ முன்பே செய்திருந்தார்கள். லாக் எப்போது பார்த்தாலும் கோட் உருவாக்கும் கட்டத்தையே கைகாட்டும். அதற்குப் பொறுப்பான நண்பர் பாவம், எல்லா மீட்டிங்கிலும் திட்டு வாங்கினார். உண்மையில் கோடை வேகமாக்கும் ஆப்டிமைசர் கட்டம், தங்க் எனப்படும் இன்னும் கணக்கிடாத ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்ச்சின் கண் முன்னாலேயே நல்ல பிள்ளையாக வெளியேறிவிடும். தங்க்கை யார் முதலில் திறந்து பார்க்கிறாரோ அவர் கையில் வெடிக்கும். தங்க்கைக் கணக்கிட வைக்கும் எவால்யுவேட் போட்டாலும் மேல் ஓடு மட்டும்தான் திறக்கும், நிரலைக் குறிக்கும் மரத்தின் உள்கிளைகளில் தங்க்குகள் அப்படியே இருக்கும். டீப்செக் போட்டு முழு மரத்தையும் கணக்கிட வைத்ததும் பழி சரியான இடத்துக்குப் போனது. நேரம் கூடுதலாகத் தின்றதால் டெஸ்ட் பில்டில் மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்னொரு வேடிக்கை. ஆப்டிமைசேஷனோடு பில்ட் செய்த கம்பைலர் ஒரு பேனிக் தரும். இல்லாமல் பில்ட் செய்தது அதே விதிக்கு வேறு பேனிக் தரும். இரண்டு புகார் டிக்கெட், இரண்டு பேர் தேடுகிறார்கள், பக் ஒன்றுதான். இது ஹாஸ்கெல் தெரிந்தே எடுத்த முடிவு: ஒரு கோவைக்குள் இரண்டு பிழைகள் ஒளிந்திருந்தால் எது வெளியே வரும் என்ற உறுதி கிடையாது. ஹாஸ்கெல்லை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸும் சகாக்களும் 1999-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதை முறைப்படுத்தியது. ஆப்டிமைசர் கணக்கிடும் வரிசையை மாற்றும் சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலை அது. நியாயமான விலைதான் என்று இப்போதும் நினைக்கிறேன், அந்த இரண்டு பேர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

ஓகேமல்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மதிப்பீடு உடனுக்குடன் நடக்கும், எக்ஸப்ஷனும் மலிவு. ஓகேமலின் டைப் செக்கர் முதல் பிழையில் எக்ஸப்ஷன் எறிந்து நின்றுவிடும். எங்கள் குழுவில் அதைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கம்பைல் ஆவது அவ்வளவு வேகம், ஒன்றைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுவதில் எதுவும் குறைந்துவிடாது. எங்கள் கம்பைலர் அந்த வேகத்தில் இருந்திருந்தால் ஈதரையே வைத்திருக்கலாம். ஓகேமல் சேர்ந்த எம்எல் குடும்ப மொழிகளில் எக்ஸப்ஷனின் பூர்வீகமும் வேறு. 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் குழு கட்டிய எல்சிஎஃப் நிரூபண அமைப்பில், ஒரு உத்தி தோற்றால் அடுத்த உத்தியை முயல்வதற்காக வந்த வசதி அது. தோல்வியை அறிவிக்கும் ஓகேமலின் ஃபெயில்வித் ஃபங்ஷன் அந்தக் காலத்துச் சொத்து.

2012-ல் வந்த ஜிஎச்சி 7.6, டைப் பிழையை எச்சரிக்கையாக இறக்கிவிட்டு, அந்த இடத்துக்கு ஓட்டம் வந்தால் மட்டும் வெடிக்கும்படி தள்ளிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. எங்கள் பயனர்களும் அதைக் கேட்டார்கள். பாதி விதியை ஓட்டிப் பார்க்க ஆசை யாருக்குத்தான் இல்லை? ராத்திரி ஓடும் கட்டணக் கணக்கில் அந்த வெடி போய் உட்காரும் என்று நான் கடைசி வரை எதிர்த்தேன். சோதனைக் களத்தில் மட்டும் திறந்துவிடுவது என்று முடிவானது.

மூன்றாகப் பிரித்த செய்திகள் ரிலீஸ் ஆனதும் பேனிக் டிக்கெட்டுகள் மளமளவென்று ஏறின. மேனேஜர் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பைலரின் தரம் இறங்கிவிட்டதா என்று கேட்டார். "முன்னாடியும் இவ்ளோதான் சார் வந்துச்சு. அவங்க தங்க தப்புன்னு நினைச்சு நமக்குச் சொல்லாம இருந்தாங்க" என்றார் சீனியர். மேனேஜர் முழுசாக நம்பவில்லை. பழைய லாகுகளைத் தோண்டி எடுத்து, சொல்லப்படாமல் போன பேனிக்குகளை எண்ணி, அதே வரைபடத்தில் இன்னொரு கோடாகப் போடச் சொன்னார். அந்த வேலையும் என்னிடமே வந்தது.