யார் யார் பார்த்தார்கள்?

பார்வையற்ற மாணவர்களுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்த ஆண்டுகளில், பாடம் நடத்துவதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் செய்த வேலை படம் சொல்வதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மடிக்கணினியையும் ஒலிபெருக்கியையும் வைத்துக்கொண்டு, ஒரு வசனத்திற்கும் அடுத்த வசனத்திற்கும் நடுவே கிடைக்கும் சந்தில் திரையில் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். முந்திக்கொண்டால் வசனம் அடிபடும். பிந்தினால் கூடமே சிரித்து முடித்த பிறகு நகைச்சுவைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். வடிவேலு காட்சிகளில் பலமுறை அப்படி மாட்டிக்கொண்டு, மாணவர்களிடம் பேச்சு வாங்கித்தான் இந்த வேலையைக் கற்றேன்.

பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் இணையத்தில் வெளியானபோது பெருந்தொற்றால் விடுதி மூடிக் கிடந்தது. திறந்ததும் மூத்த மாணவர்கள் கேட்டது அந்தப் படத்தைத்தான். 1970களின் வடசென்னை, சார்பட்டா, இடியப்ப என்று இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள், தன் பரம்பரையின் மானத்தை மீட்க ஆள் தேடும் ரங்கன் வாத்தியார், அம்மா தடுத்தும் சண்டை பார்க்க ஓடும் துறைமுகத் தொழிலாளி கபிலன் என்று கதையைச் சொல்லிவிடலாம். உடம்பைச் சொல்வதுதான் கடினம். கபிலனாக நடித்த ஆர்யா சட்டையைக் கழற்றியதும் “கட்டுமஸ்தான உடம்பு” என்றேன். “கட்டு எங்கே இருக்கு, ஐயா?” என்று ஒருவன் கேட்டான். படத்தை நிறுத்திவிட்டு, தினமும் அரிசி மூட்டை தூக்கும் சமையல்காரரை அழைத்து, அவருடைய தோளையும் புயத்தையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பதினைந்து பேர் வரிசையில் வந்து தொட்டார்கள். முதலில் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்த அவர், நாலைந்து பேருக்குப் பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

எங்கள் விடுதியிலும் ஒரு பரம்பரைச் சண்டை இருந்தது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பார்வை அறவே இல்லாதவர்கள் பி-1 என்றும், ஓரளவு தெரிகிறவர்கள் பி-2, பி-3 என்றும் பிரிக்கப்படுவார்கள். பந்துக்குள் குலுங்கும் சிறு குண்டுகளின் ஓசையை வைத்து ஆட வேண்டும். பி-1 ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். எங்கள் அணியின் சிறந்த மட்டையாளர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் பி-1, மற்றவன் பி-3. “நீ அடிச்சதுல பாதிதான்டா உன்னோடது” என்று பி-3 பையன் சொல்லாத நாள் கிடையாது. “கண்ணைக் கட்டிக்கிட்டு வந்து ஆடுறா பார்ப்போம்” என்று பி-1 பையன் திருப்பிக் கொடுக்காத நாளும் கிடையாது. கொஞ்சம் பார்வை இருப்பதே இத்தகைய விடுதிகளில் ஆண்பிள்ளைத்தனமாகிவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். பேருந்தின் எண்ணைப் படித்துச் சொல்கிறவன், தனியாகக் கடைக்குப் போய் வருகிறவன், மற்றவர்களைக் கைபிடித்து அழைத்துப் போகிறவன் எல்லாம் அவனே. படம் போடும்போதும் பி-3 பையன் திரையில் மூக்கு உரசும்படி உட்கார்ந்துகொண்டு, எனக்கு முன்பாகத் தானே சொல்லிவிடப் பார்ப்பான்.

டான்சிங் ரோஸ் வந்த இடத்தில் நாங்கள் இருவருமே திணறினோம். இடியப்பப் பரம்பரையின் வேம்புலியோடு மோத வேண்டுமானால் முதலில் ரோஸை வெல்ல வேண்டும் என்பது கபிலனுக்கு விதிக்கப்படும் நிபந்தனை. ஷபீர் கல்லரக்கல் நடித்த அந்த ரோஸ், கைகளைத் தொங்கவிட்டு, முகத்தை எதிராளிக்குத் திறந்து காட்டிக்கொண்டே ஆடுகிறவன். அடிக்க வரும் கைக்குக் கிடைக்காமல் இடுப்பிலிருந்து வளைகிறவன். “ஆடுகிறான், விலகுகிறான், மறுபடியும் விலகுகிறான்” என்பதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. பி-1 பையனை எழுப்பி நிறுத்தி, அவன் கைகளைத் தொங்கவிட்டு, தோளைப் பிடித்து இடமும் வலமுமாக வளைத்துக் காட்டினேன். “அப்போ அடி வாங்கத் தயாரா நிற்கிறானா, ஐயா?” என்றான். வாங்க மாட்டான் என்கிற நம்பிக்கையில் நிற்கிறான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “கால் சத்தம் நல்லாக் கேட்குது, ஐயா. கை என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றான். பதினைந்து ஆண்டுகளாகப் படம் சொல்லிவந்த எனக்கு, எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பதை அன்றுதான் ஒருவன் எடுத்துச் சொன்னான்.

வேம்புலியோடு கபிலன் மோதும் முதல் சண்டையின் நடுவே, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தியோடு காவல்துறை வருகிறது. கட்சிக்காரரான ரங்கன் வாத்தியார் கைதாகிறார். 1976 ஜனவரி 31ஐயும், விசாரணையின்றிச் சிறையில் அடைத்த மிசா சட்டத்தையும் விளக்கப் படத்தைச் சிறிது நேரம் நிறுத்தினேன். அடுத்து வருவது எனக்குத் தெரியும். வெற்றியை நெருங்கிய கபிலன்மீது, அவனைப் பிடிக்காத தணிகை என்பவரின் ஆட்கள் பாய்ந்து, ஊர் பார்க்க அவனை நிர்வாணமாக்குகிறார்கள். மாணவர்களுக்குக் கேட்டது கூச்சலும் இசையும் மட்டுமே. நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் முந்திக்கொள்ளும் பி-3 பையனும் திரையிலிருந்து முகத்தை எடுத்துவிட்டான். “என்ன ஆச்சு?” என்று பின்வரிசையிலிருந்து கேட்டார்கள். துணியை உருவிவிட்டார்கள் என்றேன். கூடம் அமைதியானது. பி-1 பையன் மெல்லக் கேட்டான்: “யார் யார் பார்த்தாங்க, ஐயா?”

குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் கதவு சரியாகத் தாழிட்டிருக்கிறதா என்று மூன்று முறை தடவிப் பார்க்கிறவர்கள் அவர்கள். யார் பார்க்கிறார்கள் என்று அறிய வழியில்லாமலே பார்க்கப்படுவது அவர்களுடைய அன்றாடம். இந்தப் படத்தின் ஆண்மை முழுவதும் பார்க்கிறவர்களின் கண்ணில்தான் இருக்கிறது என்பதை எந்த விமர்சனமும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. மேடையைச் சுற்றி ஆயிரம் பேர் நிற்காவிட்டால் பரம்பரையும் இல்லை, மானமும் இல்லை. கொடுத்த கண்களே பறித்துக்கொள்ளவும் செய்கின்றன. கபிலன் அதன்பிறகு கத்தியெடுப்பதும், சிறை சென்று வந்து சாராயத்தில் மூழ்குவதும், வயிறு தள்ளி நிற்பதும் அந்த ஒரு கணத்தின் தொடர்ச்சியாகவே எனக்குப் பட்டது. இப்பகுதியில் படம் சற்று அவசரப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். பையன்களோ அங்கே வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மேடையில் கர்ஜித்த ஆண்கள் எல்லாரும் குழறவும் முனகவும் தொடங்கிவிட்ட வேளையில், தெளிவாகப் பேசும் குரல்கள் கபிலனின் மனைவி மாரியம்மாவுடையதும் தாய் பாக்கியத்துடையதும்தான். ரவுடியாகிச் செத்துப்போன கணவனை எண்ணி மகனைக் கையுறை பக்கமே போகவிடாத அந்தத் தாய், கடைசியில் தானே அவனைச் சண்டைக்குப் போகச் சொல்லும்போது இரண்டு பேர் கை தட்டினார்கள்.

வேம்புலியோடு நடக்கும் இறுதிச் சண்டைக்கு என் சொல் அதிகம் தேவைப்படவில்லை. கூச்சலில் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. முடிந்ததும் தட்டுகள் எடுக்க எல்லாரும் எழுந்தபோது, பி-3 பையன் ரோஸின் சண்டையை மட்டும் மறுபடி போடச் சொன்னான். “ரோஸ் தோத்துட்டு அப்புறம் பழிவாங்கவே வரலையே, ஐயா?” என்றான். அவன் வருவதில்லை என்றேன். காட்சியைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். “இந்தத் தடவை நான் சொல்றேன்” என்று அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பி-1 பையன் தட்டோடு வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். “கையை மட்டும் சொல்லுடா. கால் எனக்கே கேட்குது.”